மூன்று வருடம் உழைத்த கிகாபிட் ஸ்விட்சும் ஒரு பிரௌன் ஒயரும்

நான் வைத்திருக்கும் 8 போர்ட் கிகாபிட் ஸ்விட்சின் (வீட்டுக் கருவிகளை லேன் கேபிளால் இணைக்கும் பெட்டி, விநாடிக்கு 1000 மெகாபிட் வரை ஓடும்) விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பன் கேட்டான். கூடவே ஒரு சந்தேகம்: "டிவியையும் பழைய பிரிண்டரையும் அதில் மாட்டினால் கம்ப்யூட்டர் வேகமும் 100 மெகாபிட்டுக்கு இறங்கிடுமா?"

இறங்காது. ஒவ்வொரு போர்ட்டும் எதிர்முனையில் இருக்கும் கருவியோடு தனித்தனியாகப் பேசி வேகத்தை முடிவு செய்துகொள்ளும். என் வீட்டில் டிவி 100 மெகாபிட்டில் ஓடுகிறது. பக்கத்துப் போர்ட்டுகளில் கம்ப்யூட்டரும் நாஸும் (நெட்வொர்க்கில் மாட்டிய ஹார்ட் டிஸ்க் பெட்டி) 1000-இல் ஓடுகின்றன. ஒன்றுக்கொன்று இடைஞ்சலே இல்லை. பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட்டே 100தான். ஸ்ட்ரீமிங்கில் 4கே படத்துக்கு 25 மெகாபிட் போதும் என்பதால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மூன்று வருடத்தில் இந்த ஸ்விட்சை ஒருமுறைகூட அணைத்துப் போட்டதில்லை. ஃபேன் இல்லை, சத்தமில்லை, சூடும் பெரிதாக இல்லை.

என் கோபமெல்லாம் அதன் லைட் மேல்தான்.

போன வருடம் வீட்டுக்கு பெயிண்ட் அடித்து முடித்த வாரம், 100 ஜிபி போட்டோக்களை நாஸில் போட்டேன். முன்பெல்லாம் கால் மணி நேரத்தில் முடிகிற வேலை, இரண்டரை மணி நேரம் இழுத்தது. விநாடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏறவே இல்லை. ஸ்விட்சைப் பார்த்தால் எப்போதும் போலப் பச்சை லைட். சரி, ஹார்ட் டிஸ்க்தான் போய்விட்டது என்று இரண்டு நாள் அதைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் படமெல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்த இரண்டு நாளும் சரியாகத் தூக்கமில்லை.

அந்த 11தான் துப்பு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்; 100 மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் 12.5 எம்பி, தகவலைப் பொதிந்து அனுப்பும் செலவு போக 11 சொச்சம் மிஞ்சும். கிகாபிட் என்றால் 110-ஐத் தொடும். விண்டோஸில் ஈதர்நெட் (லேன் இணைப்பு) விவரத்தைத் திறந்தேன்: 100 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 100 மெகாபிட். இந்த ஸ்விட்சில் 100-க்கும் 1000-க்கும் ஒரே பச்சைதான்!

போர்ட்டை மாற்றினேன், பேட்ச் கார்டை (கருவியில் செருகும் குட்டி கேபிள்) மாற்றினேன், மாற்றமில்லை. கடைசியில் சுவரில் இருக்கும் லேன் பாக்ஸைக் கழற்றினேன். பெயிண்ட் அடித்தவர்கள் மூடியை எடுத்தபோது இழுபட்டிருக்க வேண்டும், பிரௌன் ஒயர் ஜாக்கின் பல்லுக்குப் பக்கத்திலேயே ஒடிந்திருந்தது. லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடி ஒயர் இருக்கும். 100-க்கு ஆரஞ்சு, பச்சை என்ற இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நீலமும் பிரௌனும் சேர்த்து நான்கு ஜோடியும் வேண்டும். அதனால்தான் இணைப்பு அறுந்துபோகாமல், சத்தமில்லாமல் வேகம் மட்டும் இறங்கியது.

ஒடிந்த முனையை பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாக மின்னியது. செம்புப் பூச்சு பூசிய அலுமினியம்! முழுச் செம்பு என்று சொல்லித்தான் வயரிங் செய்தவர் காசு வாங்கினார். அலுமினியம் செம்பைவிடச் சீக்கிரம் ஒடியும். புதிதாக முனை சீவி, பஞ்ச் டூலால் (ஒயரை ஜாக்கின் பல்லில் அழுத்தி உட்கார வைக்கும் கருவி) அமுக்கினேன். டக் என்று உட்கார்ந்தது. மறுபடி 112 எம்பி.

நண்பனிடம் இந்த ஸ்விட்சை வாங்காதே என்று சொல்லிவிட்டேன். உழைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாதுதான். ஆனாலும் 100-க்கு ஒரு நிறம், 1000-க்கு ஒரு நிறம் காட்டுவதாகப் பார்த்து வாங்கு, 200 ரூபாய் கூட ஆனாலும் பரவாயில்லை என்றேன். அப்புறம் கேபிள் கடைக்குப் போகும்போது ஒரு பிளேடும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.