இங்கிலாந்தின் நடைபாதை உரிமம்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

உணவகத்துக்கு வெளியே நடைபாதையில் மேசை நாற்காலி போட, இங்கிலாந்தில் உள்ளூர்க் கவுன்சிலிடம் நடைபாதை உரிமம் வாங்க வேண்டும். கொரோனா நாட்களில், 2020 ஜூலையில் தற்காலிகமாக வந்த ஏற்பாடு இது. 2024 மார்ச் 31 முதல் நிரந்தரமாகிவிட்டது. கடைக்காரருக்கு இது உண்மையிலேயே நல்ல சேவை. அந்தக் கடையைத் தாண்டிச் சக்கர நாற்காலியிலோ வெள்ளைப் பிரம்புடனோ போகிறவருக்குத்தான் இன்னும் சரியாக அமையவில்லை.

முதலில் நல்லது. திட்ட அனுமதிக்கு, அதாவது ஓர் இடத்தை வேறு விதமாகப் பயன்படுத்த வாங்கும் அனுமதிக்கு, தனியாக அலைய வேண்டாம். உரிமம் கிடைத்தால், அந்த இடத்தை அப்படிப் பயன்படுத்தத் திட்ட அனுமதியும் கிடைத்ததாகவே சட்டம் கொள்கிறது. கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: முதல் முறை 500 பவுண்டு, புதுப்பிக்க 350. அதற்குள் எவ்வளவு என்பது கவுன்சிலின் முடிவு. விண்ணப்பித்த மறுநாளிலிருந்து 14 நாள் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். அடுத்த 14 நாளுக்குள் கவுன்சில் முடிவெடுக்க வேண்டும். பொது விடுமுறை நாட்கள் கணக்கில் சேராது. அதிகபட்சம் 2 ஆண்டுக்கு உரிமம் கிடைக்கும். மது விற்பனைக்கான அனுமதி இதில் அடங்காது, அது வேறு சட்டம்.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் இடறுவது வரைபடத்தில்தான். அரசின் வழிகாட்டுதல், நடப்பவர்களுக்குப் பொதுவாக 2 மீட்டர் தடையில்லாத அகலம் வேண்டும் என்கிறது. இடநெருக்கடி இருந்தால் 1.5 மீட்டர். இந்த அகலத்தைச் சாலையோர விளிம்புக் கல்லிலிருந்து அளப்பவர்கள்தான் அதிகம். அது தவறு. விளக்குக் கம்பம், குப்பைத்தொட்டி, சைக்கிள் நிறுத்தும் கம்பி ஆகியவற்றின் உட்பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். 3.2 மீட்டர் நடைபாதையில் விளக்குக் கம்பம் 50 செ.மீ. எடுத்துக்கொண்டால், கையில் இருப்பது 2.7 மீட்டர்தான்.

இப்போது 60 செ.மீ. சதுர மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நாற்காலிகள் மேசையின் இரு பக்கமும், சுவர் ஓடும் திசையிலேயே இருந்தால், எல்லாம் சேர்ந்து 65, 70 செ.மீ.க்குள் அடங்கும், 2 மீட்டர் மிஞ்சும். அதே மேசைக்குத் தெருப்பக்கம் ஒரு நாற்காலி போட்டால், ஆள் உட்கார்ந்த நிலையில் அதற்கு ஏறத்தாழ 75 செ.மீ. தேவை. மிஞ்சுவது 1.35 மீட்டர். எதிரெதிரே வரும் சக்கர நாற்காலியும் ஆளும் விலகிப்போக அது போதாது. வரைபடத்தில் நாற்காலியை மேசைக்கடியில் தள்ளி வரைந்து காட்டினால் அனுமதி கிடைக்கலாம். மாலை ஏழு மணிக்குத் தெருவில் இருக்கும் நிலை அதுவல்ல. ஆள் உட்கார்ந்த நாற்காலியைத்தான் வரைய வேண்டும், கவுன்சில்களும் அதைத்தான் கேட்க வேண்டும்.

பார்வையற்றவர் பலர் கட்டடச் சுவரைப் பிரம்பால் தொட்டபடியே வழி பிடிப்பார்கள். சுவரோரம் மேசை வந்தால் அந்த வழி அறுந்துபோகிறது. அதனால்தான் இருக்கைப் பகுதியின் இரு முனையிலும் தடுப்பு வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். கயிறு கட்டிய தூண் உதவாது. பிரம்பு அதன் அடியில் நுழைந்துவிடும், மார்பு இடித்த பிறகுதான் தெரியும். தடுப்பின் அடியில் பிரம்பு தட்டும் பலகை இருக்க வேண்டும். சாலைப்பணித் தடுப்புகளுக்கான அளவையே இங்கும் பின்பற்றலாம்: பலகை குறைந்தது 15 செ.மீ. உயரம், அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து 20 செ.மீ.க்கு மிகாமல். நிறம் தரையிலிருந்து பளிச்சென்று வேறுபட வேண்டும், ஆனால் பளபளப்பு கூடாது. காற்றில் சாயும் லேசான தடுப்பு வேண்டாம். குடையின் விளிம்பும் உரிமப் பகுதிக்குள்ளேயே நிற்க வேண்டும். வெளியே நீண்டால் உயரமானவரின் நெற்றிக்கு நேராக வரும்.

பொருட்கள் எடுத்து வைக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். இரவில் அவற்றை எங்கே வைப்பது என்று யோசிக்காமல் விண்ணப்பிக்கிறார்கள். கடைக்குள் இடமில்லாததால் சங்கிலியால் கட்டி அடுக்கிய நாற்காலிகள் விடிய விடிய நடைபாதையை அடைக்கின்றன. விளம்பரப் பலகை இந்த உரிமத்தில் சேராது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை; அளந்து விட்ட 2 மீட்டரின் நடுவே அதைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். புகைபிடிக்காதவர்களுக்கு நியாயமான இடம் ஒதுக்குவது நாடு முழுவதற்குமான நிபந்தனை.

சேவையின் இரண்டு குறைகளை எங்களால் ஏற்க முடியவில்லை. ஒன்று, விண்ணப்பித்த அன்றே கடை முகப்பில் அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்பது விதி. அந்த மேசைகளால் அதிகம் பாதிக்கப்படும் பார்வையற்றவரால் அந்தத் தாளைப் படிக்க முடியாது. கவுன்சில் விண்ணப்பத்தை வெளியிடத்தான் செய்கிறது. ஆனால் தினமும் போகும் தெருவுக்கு விண்ணப்பம் வந்திருக்கிறது என்பதே தெரியாதவர் இணையத்தில் எதைத் தேடுவார்? உள்ளூர் மாற்றுத்திறனாளர் அமைப்புகளுக்கு கவுன்சிலே நேரடியாகத் தெரிவித்தால் இது தீரும். இரண்டாவது, கவுன்சில் 14 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால் உரிமம் கிடைத்ததாகவே ஆகிவிடும், அதுவும் 2 ஆண்டுக்கு. அகலத்தை யாரும் நேரில் வந்து அளக்காமலே மேசை வந்துவிடலாம். அப்படிக் கிடைத்த உரிமத்துக்கும் வழி மறிக்கக் கூடாது என்ற நிபந்தனை பொருந்தும் என்பது மட்டுமே ஆறுதல். கடைக்காரர் பக்கமும் ஒரு குறை உண்டு: மறுத்தால் மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் வழியில்லை. ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே உரிமப் பிரிவு அதிகாரியிடம் வரைபடத்தைக் காட்டிப் பேசிவிடுவது நல்லது.

வழி அடைபட்டால் புகாரில் நான்கு விவரம் வேண்டும்: நாள், நேரம், ஆள் உட்கார்ந்திருக்கும்போது எடுத்த படம், மிஞ்சிய அகலம் எத்தனை செ.மீ. நிபந்தனை மீறப்பட்டாலோ பாதை அடைபட்டாலோ கவுன்சில் உரிமத்தை ரத்து செய்யலாம். உரிமமே இல்லாமல் போட்ட மேசைகளை அகற்றச் சொல்லி முதலில் அறிவிப்பு கொடுக்கும். மீறினால் தானே எடுத்துச் சென்று, செலவைக் கடைக்காரரிடம் கேட்கும். 3 மாதத்துக்குள் பணம் வராவிட்டால் அவற்றை விற்றுவிடவும் அதற்கு அதிகாரம் உண்டு.