மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றிய ஒருநாள் வகுப்பு: விளக்கம் சிறப்பு, கையேடு மோசம்

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துக்கு அண்மையிலுள்ள தனியார் கல்வி நிலையமொன்றில், உயர்தர உயிரியல் மாணவர்களுக்காகக் கடந்த சனிக்கிழமை நடைபெற்ற வகுப்பில், தலைக்கு 1,500 ரூபாய் கட்டி என் மகளோடு நானும் அமர்ந்திருந்தேன். புற்றுநோய்க் கலங்களில் டி.என்.ஏ. பழுதுபார்ப்பை, புரத உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் சிறு மூலக்கூறுகளான மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் எவ்வாறு மாற்றுகின்றன என்பதே பொருள். மைக்ரோ ஆர்.என்.ஏயைக் கண்டுபிடித்த விக்டர் அம்புரோசும் கேரி ருவ்கனும் அதற்காக 2024இல் நோபல் பரிசு பெற்ற பின்னர் பிள்ளைகள் இதைக் கேட்கத் தொடங்கியிருப்பதால், தலைப்பு பாடத்திட்டத்துக்கு வெளியே போனதை நான் குறையாகக் கருதவில்லை.

விரிவுரையாளர் மருதமுனைக் கைத்தறிச் சேலைத் துண்டொன்றை மேசையில் விரித்து, கரையில் ஒரு நூலை அறுத்தார். அறுந்த முனைகளை அப்படியே முடிச்சிட்டால் துணி தப்பும், ஆனால் கரையின் கோலம் பிசகும்; மறுகரையைப் பார்த்து நிறம் நிறமாகக் கோத்தால் கோலமும் மீளும். டி.என்.ஏயின் இரு இழைகளும் ஒருசேர அறும்போது கலத்துக்கும் இவ்விரு வழிகளே முதன்மையானவை என்றும், சோடிப் பிரதியைப் பார்த்துத் திருத்தும் இரண்டாவது வழிக்கு பி.ஆர்.சி.ஏ.1 புரதம் தேவை என்றும் அவர் விளக்கினார். ஏறத்தாழ 22 நியூக்கிளியோதைட்டுகளே நீளமான மைக்ரோ ஆர்.என்.ஏ., நூலை அறுப்பதில்லை; கோப்பவரை வேலைக்கு அழைக்கும், அதாவது பி.ஆர்.சி.ஏ.1 புரதத்தைச் செய்யும் குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏயில் ஒட்டிக்கொண்டு, அந்தப் புரதத்தின் உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது. மிர்-182 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. பி.ஆர்.சி.ஏ.1ஐ இவ்வாறு அடக்கும்போது மார்பகப் புற்றுநோய்க் கலங்களின் பழுதுபார்ப்பு தளர்கிறது. ஆனால் அதே தளர்வினால் அக்கலங்கள், பார்ப் என்ற மற்றொரு பழுதுபார்ப்புப் புரதத்தை முடக்கும் ஒலாபரிப் போன்ற பார்ப் தடுப்பி மருந்துகளுக்கு எளிதில் இரையாகின்றன. கெடுதலே மருந்துக்கு வாசலாகும் இந்த இடத்தில் அவர் அவசரப்படாமல் அரைமணி நேரம் நின்றார். கட்டணம் எனக்கு அதிலேயே செரித்துவிட்டது.

கையேட்டைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியாது. நிறப்படங்களைக் கறுப்பு வெள்ளையில் போட்டோக்கொப்பி எடுத்ததால் எது எந்த இழையென்று தெரியவில்லை. 6ஆம் பக்கத்தில், மைக்ரோ ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஒட்டும் இடம் தூது ஆர்.என்.ஏயின் 5′ முனை என அச்சாகியுள்ளது. உண்மையில் அது ஒட்டுவது எதிர்முனையான 3′ முனைப்பக்கமுள்ள, புரதமாக மாறாத பகுதியில். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இது சிறு பிழையன்று. கடைசிப் பக்கம் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் விரைவில் புற்றுநோயைக் குணமாக்கும் என்று உற்சாகப்படுத்துகிறது. புற்றுநோயை அடக்கும் மிர்-34 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏயைப் போலச் செய்த எம்.ஆர்.எக்ஸ்.34 மருந்தின் மனிதப் பரிசோதனை, கடும் நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டதை ஒரு வரியிலாவது சேர்த்திருக்கலாம்.

அடுத்த முறை செல்வோர் 6ஆம் பக்கத்தைப் பேனையால் திருத்திக்கொண்டு, முன்வரிசையில் இடம்பிடிப்பது நல்லது. பின்வரிசையிலிருந்த நாங்கள் எழுந்து நின்றுதான் அந்த முடிச்சைப் பார்த்தோம்.