தாடை மூட்டு வலிக்கு நைட் கார்டா, பிசியோவா, ஊசியா, ஆபரேஷனா?

காதுக்கு முன்னால் வலி, வாயைத் திறந்தால் 'டக்' என்று சத்தம். நம் ஊரில் இதற்கு முதலில் ஈஎன்டி டாக்டரிடம்தான் போகிறோம். காதில் ஒன்றுமில்லை என்று அவர் பல் டாக்டரிடம் அனுப்புவார். பல் டாக்டர் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "இது டிஎம்ஜே, தாடை மூட்டுப் பிரச்சினை" என்பார். குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒருவர் நைட் கார்ட், அதாவது தூங்கும்போது பல்மேல் மாட்டிக்கொள்ளும் உறை, போடச் சொல்கிறார். இன்னொருவர் பிசியோவுக்கு எழுதித் தருகிறார். மூட்டுக்குள் ஊசி போட்டுக் கழுவலாம் என்கிறார் மூன்றாமவர். தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போட்டால் போதும் என்று விளம்பரம் வேறு வருகிறது.

இவற்றை ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இது ஒத்துவரவில்லை என்றால் நிறுத்திவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? முடியும் என்றால் அது வரிசையில் முன்னால் வரட்டும். பல்லை ராவிவிட்டால், மூட்டிலிருக்கும் தட்டை எடுத்துவிட்டால், திரும்ப வழியில்லை. அவை கடைசியில். ஆனால் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் முன்னால், வந்திருப்பது எவ்வளவு தீவிரம் என்று தெரிய வேண்டும்.

எது தீவிரம்?

கீழ்த்தாடை எலும்பின் முனை, காதுக்கு முன்னால் இருக்கும் ஒரு குழியில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தட்டு, அதுதான் டிஸ்க். வாய் திறக்கும்போது அந்த முனை முதலில் கதவுக் கீல் போலச் சுழலும், அப்புறம் தட்டோடு சேர்ந்து முன்னால் வழுக்கி வரும். தட்டு முன்பக்கமாக நழுவியிருந்தால், முனை அதன்மேல் ஏறும் நொடியில் அந்த 'டக்' கேட்கும். வலி இல்லை, வாயும் நன்றாகத் திறக்கிறது என்றால் இந்தச் சத்தத்துக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. ஒரு தொந்தரவும் இல்லாதவர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தாலே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தட்டு நழுவியிருக்கும். அதனால் ரிப்போர்ட்டில் அப்படி ஒரு வரி வந்ததற்காக மட்டும் பயப்பட வேண்டாம்.

சத்தம் திடீரென்று நின்றுபோனால்தான் கவனிக்க வேண்டும். பல மாதமாக 'டக் டக்' என்றிருந்தது ஒருநாள் நின்றுவிடும், கூடவே வாயும் பாதிதான் திறக்கும். சத்தம் போய்விட்டதே, சரியாகிவிட்டது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். உள்ளே நடந்திருப்பது வேறு: தட்டு முன்னாலேயே மாட்டிக்கொண்டது, முனையால் அதைத் தாண்ட முடியவில்லை. கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்தால், முகவாய் நேராக இறங்காமல் மாட்டிய பக்கமாக ஒதுங்குவது தெரியும்.

வாய் எவ்வளவு திறக்கிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, செங்குத்தாக மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவில் வையுங்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை திறக்கும். அவரவர் விரல் மூன்றும் நுழைந்தால் பெரும்பாலும் கவலையில்லை. இரண்டுதான் நுழைகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது வலி. பத்துக்கு எத்தனை என்று கேட்பது மட்டும் போதாது. 1992இல் வான் கோர்ஃப் குழுவினர் நாட்பட்ட வலிக்கென்று தந்த தர அளவுகோல், வலியின் எண்ணோடு, வலியால் எத்தனை நாள் வேலை கெட்டது என்பதையும் சேர்த்துக் கேட்கிறது. வலி எட்டு என்று சொன்னாலும் வேலைக்குப் போய், சாப்பிட்டு, தூங்குகிறவர் அதில் இரண்டாம் தரம். ஐந்துதான் என்று சொல்லி, லீவு போட்டுவிட்டுக் கஞ்சி மட்டும் குடித்துக் கிடப்பவர் மூன்றாம் அல்லது நான்காம் தரம். சீக்கிரம் நல்ல கவனிப்பு தேவைப்படுவது அவருக்குத்தான்.

இன்னொன்று, வாய் திறக்கவில்லை என்றாலே தாடை மூட்டு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பாக்கு, குட்கா, மாவா போடும் பழக்கமிருந்து, காரம் பட்டால் வாய் எரிந்து, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து நார் கட்டினாற்போல் இறுகினால், அது வாய்த்தோல் இறுகும் நோய். புற்றுநோயாக மாறக்கூடியது. நைட் கார்டும் பிசியோவும் என்று அதில் மாதங்களை வீணாக்கக் கூடாது, பாக்கை அன்றைக்கே விட வேண்டும். ஞானப்பல் சீழ்ப்பிடித்தாலும் வாய் திறக்காது, காய்ச்சலும் வீக்கமும் கூட வரும். ஐம்பது வயதுக்கு மேல், மெல்ல மெல்லத் தாடை வலித்து, நெற்றிப்பொட்டிலும் வலி வந்து, பார்வை மங்கினால், அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் கண் போய்விடும் ஆபத்து உண்டு. மாடி ஏறும்போது தாடை வலித்து, உட்கார்ந்ததும் வலி நின்றுவிட்டால், இதயத்தைப் பாருங்கள். நெஞ்சு இறுக்கமோ வேர்வையோ சேர்ந்து வந்தால் பல் ஆஸ்பத்திரி பக்கமே போகாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டுக் கவனிப்பும் பிசியோவும்

பெரும்பாலானோருக்கு இது தசையிலும் மூட்டிலும் வரும் வலி, சில வாரங்களில் தணிந்துவிடும். அதுவரை இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம் என்று இருக்கலாம். முறுக்கு, கரும்பு, எலும்பு கடிப்பது, பபிள் கம் எல்லாம் கொஞ்ச நாள் வேண்டாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் கன்னத்தில் ஒத்தடம் கொடுக்கலாம். கொட்டாவி வந்தால் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் வாய் எல்லை மீறித் திறக்காது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, உதடு மூடியிருக்க, மேல்பல்லும் கீழ்பல்லும் தொடாமல் இருப்பது. லேப்டாப் முன்னால், வண்டி ஓட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறோமா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிரப் பற்கள் ஒன்றையொன்று தொடவே தேவையில்லை.

பிசியோவில் நடப்பது என்ன? பயிற்சியாளர் கையுறை போட்டு, கட்டைவிரலைக் கீழ்க் கடைவாய்ப்பல்மேல் வைத்து, தாடையை மெதுவாகக் கீழே இழுத்து மூட்டைத் தளர்த்துவார். கன்னத் தசையில் முடிச்சுப் போல் இறுகிய இடத்தை அழுத்திவிடுவார். நாக்கை அண்ணத்தில் வைத்தபடி, கண்ணாடியில் முகவாய் நேராக இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கப் பழக்குவார். எல்லா பிசியோவும் தாடைக்குச் செய்வதில்லை. முதுகுக்கும் முழங்காலுக்கும் பேர் போனவர் இதில் பழக்கமில்லாதவராக இருக்கலாம். போவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை மூட்டு வலிக்கான சிகிச்சைகளை வரிசைப்படுத்திப் பார்த்தது. அழுத்தமாகப் பரிந்துரைக்கப்பட்டவை: மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சி, மூட்டைத் தளர்த்தும் கைச்சிகிச்சை, தசை அழுத்தம், உடல் நிலையைச் சரிசெய்யும் பயிற்சி, வீட்டுப் பயிற்சியோடு நல்ல விளக்கம், அப்புறம் சிபிடி எனப்படும் மனநல ஆலோசனை. கடைசியாகச் சொன்னதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும், "எனக்கு என்ன மனசா சரியில்லை?" என்று. வலி கற்பனை என்று யாரும் சொல்லவில்லை. நாட்பட்ட வலியில் தூக்கம் கெட்டு, பதற்றத்தில் பல் இறுகி, வலி இன்னும் கூடுகிறது. அந்தச் சங்கிலியை அறுக்கத்தான் இது.

நைட் கார்ட்

இங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது. பல் டாக்டர் அளவெடுத்து, எல்லாப் பற்களையும் மூடும்படி கெட்டியான அக்ரிலிக்கில் செய்து, கடி, அதாவது மேல், கீழ்ப் பற்கள் ஒன்றோடொன்று சேரும் விதம், சமமாகப் படுகிறதா என்று பார்த்துச் சரிசெய்து தரும் கார்டுக்கு ஒரு நல்ல வேலை உண்டு. தூக்கத்தில் நறநறவென்று கடிப்பவரின் பற்கள் தேயாமல் காக்கும். கடிக்கும் பழக்கத்தை அது நிறுத்துவதில்லை. நாட்பட்ட மூட்டு வலிக்கு என்று பார்த்தால், அதே வழிகாட்டுதல் நைட் கார்டைப் பொதுவாக வேண்டாம் என்ற பக்கம்தான் வைக்கிறது. கடியை நிரந்தரமாக மாற்றும் வகைக் கார்டை (ஸ்பிளின்ட்) அழுத்தமாகவே மறுக்கிறது.

என் கணிப்பு இதுதான். காலையில் எழுந்ததும் கன்னம் வலித்து, பல்லில் தேய்மானமும் தெரிந்தால் நைட் கார்ட் போடலாம், பிசியோவோடு சேர்த்து. பகலில் பல்லைக் கடிப்பவருக்கு அது அவ்வளவு உதவாது. வெந்நீரில் போட்டு வாயில் கடித்து வடிவமாக்கும் மெத்தென்ற கார்டுகள் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கின்றன. சிலர் அதையே மெல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். முன்பற்களை மட்டும் மூடும் கார்டு போட்டால் நாளடைவில் கடி மாறிப்போகலாம். எந்தக் கார்டானாலும், காலையில் கழற்றிய பிறகு பற்கள் பழையபடி சேரவில்லை என்றால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

"உங்கள் கடி சரியில்லை, ராவிவிடலாம்" என்று சொல்வதற்கு ஒரு பழைய வேர் உண்டு. 1934இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், கடைவாய்ப்பல் போய் கடி தாழ்வதால்தான் காது வலியும் தாடை வலியும் வருகின்றன என்று எழுதினார். அவர் சொன்ன காரணம் பின்னால் நிற்கவில்லை, ஆனால் அந்த எண்ணம் நிலைத்துவிட்டது. மூட்டு வலிக்காக நல்ல பல்லை ராவ ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மாத்திரை, ஊசி, மூட்டைக் கழுவுதல்

வலி மாத்திரை சில நாட்களுக்குச் சரி. அல்சரோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். போடாக்ஸ், ஸ்டீராய்டு, ஹயலூரானிக் அமில ஊசிகள் மூன்றுமே நாட்பட்ட வலிக்கு அந்த வழிகாட்டுதலில் 'பொதுவாக வேண்டாம்' பட்டியலில்தான் இருக்கின்றன.

மூட்டைக் கழுவுதலும் அதே பட்டியலில்தான். ஆனால் அது நாட்பட்ட வலியைப் பற்றிய பேச்சு, புதிதாகப் பூட்டிக்கொண்ட வாய் வேறு விஷயம். 1991இல் டோரிட் நிட்சான் குழுவினர் இந்த முறையை எழுதியதே திடீரென்று வாய் திறக்காமல் போனவர்களுக்காகத்தான். மரத்துப்போக ஊசி போட்டு, மூட்டின் மேலறைக்குள் இரண்டு ஊசிகளைச் செலுத்தி, ஒன்றின் வழியே நீர்மத்தை விட்டு மற்றொன்றின் வழியே வெளியேற்றுவார்கள். பயிற்சியும் மருந்தும் கொடுத்துப் பார்த்தும் வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை என்றால், அனுபவமுள்ள தாடை அறுவை நிபுணரிடம் இதைப் பற்றிப் பேசலாம். விளம்பரம் பார்த்துப் போடும் போடாக்ஸைவிட இது எனக்கு நியாயமாகப் படுகிறது.

ஆபரேஷன்

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் வைடெக் கதை போதும். நழுவிய தட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்க, ப்ரோப்லாஸ்ட்-டெஃப்லான் என்ற பொருளில் அந்த நிறுவனம் செய்த செயற்கைத் தட்டு 1980களில் ஆயிரக்கணக்கானோருக்கு வைக்கப்பட்டது. மெல்லும்போது அது துகள் துகளாக உதிர்ந்தது. உடம்பு அந்தத் துகள்களை எதிர்த்ததில் மூட்டு எலும்பே அரித்துப்போனது. 1990இல் அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது, அடுத்து அவை திரும்பப் பெறப்பட்டன. அதை வைத்துக்கொண்டவர்களில் பலர் அறுவைமேல் அறுவையாக அவதிப்பட்டார்கள். நாட்பட்ட வலிக்காகத் தட்டை வெட்டியெடுப்பதை இப்போதைய வழிகாட்டுதல் அழுத்தமாக மறுக்கிறது.

கத்தி தேவைப்படும் இடமும் உண்டு. ஒரு குழந்தை கீழே விழுந்து முகவாய் கிழிகிறது. தையல் போடுகிறார்கள், புண் ஆறிவிடுகிறது. அடி முகவாயில் பட்டாலும் விசை காதுக்கு முன்னாலிருக்கும் முனையில்தான் போய் இறங்கும், அங்கே முறிவு இருந்தாலும் யார் கண்ணிலும் படாமல் போய்விடக்கூடும். அப்படி விட்டுப்போனால், சில குழந்தைகளுக்குச் சில மாதங்களில் வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும், கடைசியில் மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிவிடும். தாடை வளராது, முகவாய் உள்வாங்கும், தூங்கும்போது மூச்சு தடைபடும். இதற்குப் பயிற்சி மட்டும் போதாது, அறுவைதான் வழி, அதற்குப் பின் மாதக்கணக்கில் வாய் திறக்கும் பயிற்சியும் வேண்டும். முகவாயில் அடிபட்ட குழந்தைக்கு வாய் எவ்வளவு திறக்கிறது என்று சில மாதங்கள் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கொட்டாவி விட்டதும் வாய் மூடவே முடியாமல் நின்றுவிட்டால், தாடை மூட்டை விட்டு இறங்கியிருக்கிறது. வீட்டில் இழுக்கவோ அடிக்கவோ வேண்டாம். நேரம் ஆக ஆகத் தசை இறுகி, உள்ளே தள்ளுவது கடினமாகும். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

யாரிடம் போவது?

நல்ல பல் டாக்டரிடம் தொடங்கலாம். அங்கே தெளிவு கிடைக்காவிட்டால், வாய் நோய்களைப் பார்க்கும் ஓரல் மெடிசின் பிரிவைக் கேளுங்கள், பல் மருத்துவக் கல்லூரிகளில் அது இருக்கும். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓரல் மெடிசினும் தாடை அறுவைப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பதால் அலைச்சல் குறையும். போகும்போது எத்தனை விரல் நுழைகிறது, எப்போதிலிருந்து, எதைச் சாப்பிட முடியவில்லை, பாக்குப் பழக்கம் உண்டா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் உங்கள் காதுக்கு முன்னால் இரு விரல் வைத்து வாயைத் திறந்து மூடச் சொல்லி, ஸ்கேலில் அளந்து குறித்துக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துவிட்டுப் பல்லை ராவவோ தட்டை எடுக்கவோ தேதி கொடுத்தால், இன்னொருவரைப் பார்த்த பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.