ஹெட்டை இறக்கும் முன் நாலு சோதனை: என் ஓட்டு லீக்-டவுனுக்கு

கூலண்ட் குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டும் இல்லை. ஊருக்குள் ஓட்டினால் டெம்பரேச்சர் முள் அசையாது. ஆழியாறு தாண்டி வால்பாறைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் பாதிக்கு மேலே போகிறது. காலையில் ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில், எஞ்சின் சூடாவதற்கு முன்பே, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கையால் அமுக்க முடியாதபடி இறுகிவிடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால், எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகம் வருவது நியாயம்தான். என் வண்டியில் மூன்றும் சேர்ந்தே வந்தன. நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், லட்சம் கிலோமீட்டர் தாண்டியது.

"ஹெட்ட இறக்கிப் பாத்தா தெரிஞ்சிருமுங்ணா, எதுக்கு டெஸ்ட்டு?" என்றார் கோவையில் நான் வழக்கமாக விடும் பட்டறைக்காரர். தெரிந்துவிடும், சரி. ஆனால் அப்படித் தெரிந்துகொள்வதற்குள் கூலி, டைமிங் பெல்ட், புது ஹெட் போல்ட், லேத் செலவு எல்லாம் கணக்கில் ஏறிவிடும். ஹெட்டை இறக்காமலே பார்க்க நாலு வழி இருக்கிறது. நாலையும் என் வண்டியில் செய்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் சாய்வு லீக்-டவுன் பக்கம், அதாவது சிலிண்டருக்குள் காற்றை விட்டு எவ்வளவு, எங்கே கசிகிறது என்று பார்க்கும் சோதனைப் பக்கம்.

வெள்ளைப் புகை, ஆயில் மூடிக்குக் கீழே பால் காபி நிறத்தில் வழவழப்பு, இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த அறிகுறிகள். விரித்து எழுத வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: தினமும் ரெண்டு மூணு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் ஆவி படிந்தே அந்த வழவழப்பு வரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால் மூடியைப் பார்த்து மிரள வேண்டாம். அதேபோல ஃபேன், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி மூன்றையும் பார்க்காமல் எந்தச் சோதனைக்கும் போக வேண்டாம். வண்டி சூடானால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது நம்மூர்ப் பழக்கம். அப்படிச் செய்தால் முள் இறங்கும், நோய் உள்ளேயே இருக்கும், பிறகு வரும் மெக்கானிக் தலையைச் சொறிவார்.

முதலில் கெமிக்கல் டெஸ்ட். ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, அதற்குள் நீலத் திரவம் ஊற்றி, மேலே ரப்பர் பல்பை அமுக்கினால் கூலண்டுக்கு மேலே தேங்கி நிற்கும் காற்று அந்தத் திரவத்தின் வழியே குமிழாக ஏறும். திரவத்தில் இருப்பது பெரும்பாலும் புரோமோதைமால் நீலம். கரியமில வாயு கரைந்து அமிலத்தன்மை கூடினால் அது மஞ்சளாக மாறும். அதாவது சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் வந்திருக்கிறது. இது வீட்டு வாசலிலேயே செய்யக்கூடியது, ஸ்பார்க் பிளக்கைக் கூடக் கழற்ற வேண்டாம். செய்யும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மூடியை எஞ்சின் ஆறியிருக்கும்போதே திறந்து, கூலண்ட் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, குழாயை வைத்த பிறகுதான் வண்டியைச் சூடேற்ற வேண்டும். 1.1 பார் மூடி போட்ட ரேடியேட்டரில் வெறும் தண்ணீரே ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். சூட்டோடு திறந்தால் அவ்வளவும் முகத்துக்கு வரும். இரண்டாவது, கூலண்டே குழாய்க்குள் ஏறிவிட்டால் அந்தத் திரவம் வீண், கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். திரவம் பழையதா என்று சந்தேகமிருந்தால் சைலன்சர் வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். பெட்ரோல் வண்டிப் புகைக்கும் மஞ்சளாகவில்லை என்றால் குறை திரவத்தில்தான்.

என் வண்டியில் என்ன ஆனது? ஐடிலில் நிறம் மாறவே இல்லை. ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதித்து நீண்ட நேரம் ஓடவிட்ட பிறகு ஒரு பச்சை வந்தது. மஞ்சளும் இல்லை, நீலமும் இல்லை. ஏதோ இருக்கிறது என்று சொல்லியது. எந்தச் சிலிண்டர் என்று சொல்லவில்லை, சொல்லவும் அதனால் முடியாது. கூலண்ட் ஆயிலில் கலந்தாலோ, இரண்டு சிலிண்டருக்கு நடுவில் மட்டும் கேஸ்கட் எரிந்திருந்தாலோ இந்தத் திரவம் நீலமாகவே இருந்து நம்மை ஏமாற்றும்.

கம்ப்ரஷன் டெஸ்ட் எல்லாப் பட்டறையிலும் உண்டு. பிளக் துளையில் கேஜைத் திருகி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரில் மட்டும் ரீடிங் சரிந்திருந்தால் நடுவில் கேஸ்கட் போயிருக்கிறது என்று ஏறக்குறைய அடித்துச் சொல்லலாம். மற்றபடி கூலண்டுக்குள் மெல்லக் கசியும் நோயை இது பிடிப்பது அபூர்வம். ஒரு சுழற்சியில் கசியும் அளவு அவ்வளவு குறைவு. பேட்டரி மந்தமாக இருந்தாலே எண்கள் மாறும். ஊட்டியில் எடுத்தால் கோவையில் எடுப்பதைவிடக் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் 2,200 மீட்டருக்கு மேலே காற்றே மெலிசு. அதனால் சிலிண்டரோடு சிலிண்டரை ஒப்பிட வேண்டுமே தவிர, தனி எண்ணைப் பிடித்துத் தொங்கக் கூடாது. என் வண்டியில் நாலும் கிட்டத்தட்ட ஒரே ரீடிங். இதை மட்டும் செய்திருந்தால் "கேஸ்கட் நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பியிருப்பார்கள்.

கூலிங் சிஸ்டத்துக்குக் கைப்பம்பால் அழுத்தம் கொடுப்பது மூன்றாவது. மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் ஏற்றாமல், கேஜ் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. வெளிக்கசிவுக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. ஹோஸ், வாட்டர் பம்ப், ஹீட்டர் கோர் எல்லாம் மாட்டிக்கொள்ளும். உள்கசிவுக்கு ஒரு தந்திரம் உண்டு. அழுத்தத்தோடு இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் பிளக்குகளைக் கழற்றி ஸ்டார்ட்டரைச் சுழற்றினால், கூலண்ட் இறங்கிய சிலிண்டர் அதைத் துளை வழியே பீய்ச்சும். என் வண்டியில் முள் கொஞ்சம் இறங்கியது, எதுவும் பீய்ச்சவில்லை.

இனி லீக்-டவுன். ஒரு சிலிண்டரின் பிஸ்டனைக் கம்ப்ரஷன் முடியும் உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும். பிளக் துளை வழியே கம்ப்ரஸர் காற்றை 100 பிஎஸ்ஐ அளவில் விடுகிறோம். கருவியில் இரண்டு கேஜ்: ஒன்று உள்ளே போகும் அழுத்தம், மற்றது சிலிண்டரில் நிற்கும் அழுத்தம். 100 விட்டு 88 நின்றால் கசிவு 12 சதவீதம். எந்த எஞ்சினும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் வழியே கொஞ்சம் விடும். 20 சதவீதத்துக்குள் இருந்தால் ஓடிய எஞ்சினுக்குப் பரவாயில்லை என்பது பொதுக் கணக்கு, 30 தாண்டினால் வேலை இருக்கிறது. புதிய கருவி ஒன்றுமில்லை இது. சிறிய பிஸ்டன் விமானங்களின் எஞ்சினை 80 பிஎஸ்ஐ வைத்து ஆண்டுதோறும் இப்படித்தான் பார்க்கிறார்கள்.

சதவீதத்தைவிட முக்கியம், காற்று எங்கே போகிறது என்பது. காதை வைத்தால் போதும். ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வ். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ். ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். பக்கத்துப் பிளக் துளையில் காற்று வந்தால் நடுவில் கேஸ்கட். ரேடியேட்டரில் குமிழ் எழும்பினால் கேஸ்கட், இல்லையென்றால் ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல். இதற்கு மேல் ஹெட்டை இறக்காமல் தெரிந்துகொள்ள ஒன்றும் மிச்சமில்லை என்றே சொல்வேன்.

நான் இதற்கு ஓட்டுப் போடக் காரணம் துல்லியம் மட்டுமல்ல, பில். கேஸ்கட் போய்விட்டதா என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் கெமிக்கல் டெஸ்டே கொடுத்துவிடும். லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்காரனுக்கு உண்மையான கேள்வி வேறு: ஹெட்டோடு முடியுமா, கீழேயும் கை வைக்க வேண்டுமா? ஹெட்டை இறக்கி வைத்த பிறகு, "அப்படியே போரும் போட்டு ரிங்கும் மாத்தீரலாங்ணா, திரும்ப ஒரு வாட்டி இறக்க வேண்டாம்" என்று, அதாவது சிலிண்டரின் உட்சுவரையும் கடைந்துவிடலாம் என்று, பட்டறையில் சொன்னால் மறுக்க நம்மிடம் ஒன்றும் இருக்காது. எஞ்சின் பிரிந்து கிடக்கிறது, வண்டி அங்கே நிற்கிறது, சொல்பவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அந்த நேரத்தில் செலவு இரண்டு மடங்குக்கு மேலே ஏறும். பழைய வண்டியென்றால் அதை விற்றாலும் அந்தத் தொகை வராது. ரிங்கின் நிலை ஹெட்டை இறக்கும் முன்பே எண்ணாகக் கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி.

என் வண்டியில் இரண்டாம் சிலிண்டரில் காற்று விட்டதும் ரேடியேட்டரில் குமிழ் வரிசையாக எழும்பியது. ஆயில் வாயில் எல்லாச் சிலிண்டருக்கும் மெல்லிய, ஒரே மாதிரியான சத்தம்தான், ஆக ரிங் ஆரோக்கியம். எதிர்பாராதது நாலாவது சிலிண்டர்: சைலன்சரில் லேசாகச் சீறியது. ஆகவே ஹெட் மட்டும் இறங்கியது. லேத்தில் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து வளைவு பார்த்து, முகத்தைச் சமப்படுத்தி, அதே கையோடு வால்வுகளையும் இறுக மூடும்படி தேய்த்து லேப்பிங் செய்துவிட்டார்கள். போர் போடும் பேச்சு எழவில்லை. லீக்-டவுன் இல்லாமல் போயிருந்தால் கேஸ்கட் மாற்றியிருப்போம், ஆனால் அந்த எக்ஸாஸ்ட் வால்வ் அப்படியே திரும்ப ஏறியிருக்கும்.

குறைகளும் உண்டு. கம்ப்ரஸர் வேண்டும், அதனால் வாசலில் வைத்துச் செய்ய முடியாது. பிஸ்டன் சரியாக உச்சியில் இல்லையென்றால் காற்றின் வேகத்தில் பிஸ்டன் இறங்கி, அதோடு இணைந்த கிராங்க் தண்டு சட்டென்று சுழலும். ஸ்பானரை அதில் மாட்டிவைத்துவிட்டுக் கையை நீட்டினால் விரல் போகும். கருவிக்குள் இருக்கும் சிறு துளையின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால், ஒரு கருவியின் 15 சதவீதம் இன்னொன்றில் 20 ஆகலாம். இங்கேயும் சிலிண்டரோடு சிலிண்டரை ஒப்பிடுவதுதான் முறை. பெரிய குறை இன்னொன்று. மலையேறும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம் இந்த 100 பிஎஸ்ஐயைப் போலப் பல மடங்கு. அந்த அழுத்தத்தில் மட்டும் வாய் திறக்கும் கசிவு பட்டறையில் அகப்படாமல் போகலாம். எஞ்சினைச் சூடாக்கிவிட்டுச் சோதித்தால் வாய்ப்பு கூடும். ஆனால் ரேடியேட்டரில் குமிழ் பார்க்க மூடி திறந்திருக்க வேண்டும், சூட்டோடு திறக்கக் கூடாது. ஆகவே மூடியை முன்பே திறந்துவைத்துச் சூடேற்றுங்கள், கொதிநிலைக்கு விடாதீர்கள்.

டீசலில் நான் இதைச் சொந்தக் கையால் செய்ததில்லை, பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. குளோ பிளக் துளைக்கோ இன்ஜெக்டர் துளைக்கோ தனி அடாப்டர் வேண்டும், இன்ஜெக்டர் இறுகியிருந்தால் கழற்றுவதே ஒரு தனி வேலை. அங்கே கெமிக்கல் டெஸ்டும் கொஞ்சம் தடுமாறும். டீசல் புகையில் கரியமில வாயு குறைவு, ஆகவே மஞ்சளுக்குப் பதில் பச்சையோடு நின்றுவிடும். அதைவிட முக்கியம், எஞ்சினுக்குள் திரும்பப் போகும் புகையைக் கூலண்டால் ஆற்றும் ஈஜிஆர் கூலர் ஓட்டையானாலும் கூலண்ட் காணாமல் போகும், வெள்ளைப் புகை வரும், புகை கூலண்டில் கலந்து திரவத்தின் நிறமும் மாறலாம். கூலண்டில் ஆயில் மிதந்தால் ஆயில் கூலரையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் விலக்காமல் டீசல் ஹெட்டை இறக்கச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன்.

பழைய வண்டி வாங்கப் போகும் இடத்தில் மட்டும் என் ஓட்டு மாறும். விற்பவர் வாசலில் நின்று பிளக்கைக் கழற்ற முடியாது; கெமிக்கல் டெஸ்ட் குழாய் ஒரு கைப்பைக்குள் அடங்கும். நாம் வரும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போய்ப் பார்த்தால் பானெட் சுடுகிறது என்றால், ஆறும் வரை டீ குடித்துவிட்டு வந்து ஆரம்பியுங்கள்.