மார்த்தாண்டம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை: டிஸ்க் தப்பியது

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்துக் கடை, தாராளமாக நம்பலாம். ஸ்டுடியோவில் புது என்எஃப்எஸ் சர்வர் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் கணினி) வைத்ததும், லினக்ஸில் ஓடும் பழைய 32 பிட் ஸ்கேனர் மென்பொருள் அதிலுள்ள ஃபோல்டரைத் திறக்க மறுத்தது. வேறோர் இடத்தில் ஹார்ட் டிஸ்க்கையே மாற்றச் சொன்னார்கள்.

இங்குள்ள தம்பி, கோப்புகளின் அடையாள எண்ணைக் காட்டும் ‘எல்எஸ் -ஐ’ கட்டளையை அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு கோப்புக்கும் நீளநீளமாக எண்.

"அண்ணே, டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. சர்வர் 64 பிட்ல கோப்பு எண் தருது, இந்த மென்பொருள் 32 பிட்தான் தாங்கும்."

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தொடங்கும்போது படிக்கும் பூட் வரியில் ‘என்எஃப்எஸ்.எனேபிள்_ஐனோ64=0’ சேர்த்தார். அப்புறம் கெர்னலே எண்ணின் மேல் பாதியைக் கீழ்ப் பாதியோடு எக்ஸ்ஆர் செய்து (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டுக் கலக்கும் கணக்கு) சுருக்கித் தருகிறது, ஃபோல்டர் திறந்துவிட்டது. சுருக்கும்போது இரண்டு கோப்புகளுக்கு ஒரே எண் விழலாம், பேக்கப் மென்பொருள் இரண்டையும் ஒன்றென நினைக்கலாம், அதனால் பேக்கப்பை முழு எண் இருக்கும் சர்வரிலேயே எடுங்கள் என்றும் சொன்னார். அந்த எச்சரிக்கைக்கே கூலி தகும்.

கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.