காசு கட்டாமல் வந்தவருக்கு என்ன மரியாதை? ஃபைனல் ஃபேண்டசி 14 இலவச ட்ரயல், ஒரு வெள்ளவத்தை ஹீலரின் கணக்கு

ஒன்லைன் கேம் ஒன்றின் இலவச ட்ரயலைப் பற்றிச் சொல்ல வருகிறவர்கள் படம் எப்படி, கதை எப்படி, எந்த லெவல் வரை விடுவார்கள் என்று சொல்லிவிட்டு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். உள்ளே பத்து வருடமாகக் குடியிருக்கும் ஆட்கள், காசு கட்டாமல் எட்டிப் பார்க்க வந்த என்னை எப்படி நடத்துவார்கள்? படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வேன். வேலை முடிந்து வந்து, இரவில் முன்பின் தெரியாத ஒருவரிடம் ஏச்சு வாங்க என்னால் முடியாது. அதற்கு ஆடிட் சீசனே போதும்.

இந்த அளவுகோலை வைத்து ஃபைனல் ஃபேண்டசி 14 ட்ரயலுக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். கணக்காய்வு வேலை, நாற்பது வயதுக்குக் கிட்ட. இதை என் கணினியில் போட்டுத் தந்தவன் அண்ணாவின் மகன். அவன் விளையாடுவது ஐந்து பேருக்கு ஐந்து பேர் என்று சுட்டுக்கொள்ளும் ஒரு கேம், அதுவும் இலவசம்தான். பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். புதிதாக வந்த ஒருவர் ஒரு ரவுண்டில் செத்தால் மைக்கில் வருகிற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பேச்சை வைத்து எந்த நாட்டுக்காரர் என்று பிடித்துவிட்டால் இன்னும் மோசம். "மாமி, நீங்க அதுக்க வராதீங்கோ. உங்களுக்கு வேற ஒண்டு போட்டுத் தாறன்" என்றான். ட்ரயல் என்றாலும் முழு கேமின் இடம் வேண்டும், 140 ஜிபி கேட்கிறார்கள். பகல் டேட்டாவைத் தொடாமல் இரவு டேட்டாவில் இறக்கினோம்.

கிடைப்பது கொஞ்சமல்ல. மூலக் கதை முழுவதும், ஹெவன்ஸ்வர்ட், ஸ்டோர்ம்பிளட் என்ற இரண்டு விரிவாக்கங்களும், 70ஆம் லெவல் வரை. நாள் கெடு இல்லை. ஒரு காலத்தில் 35ஆம் லெவலோடு கதவைச் சாத்தினார்கள். 2020இல் 60 ஆக்கினார்கள், 2023இல் 70. ஒப்பிட வேண்டுமென்றால், வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்டின் இலவசக் கணக்கு 20ஆம் லெவலில் நின்றுவிடும்.

தெற்காசியாவுக்கென்று சர்வர் இல்லை. மருமகன் ஜப்பான் பக்கம், டொன்பெரி என்ற உலகத்தை (சர்வருக்கு அங்கே அந்தப் பெயர்) தெரிவு செய்து தந்தான். ஆங்கிலத்தில் கதைப்பவர்கள் கூடும் இடம் அது, சிங்கப்பூர், மலேசிய ஆட்கள் நிறைய. ஆனால் டன்ஜனுக்குள், அதாவது நால்வர் சேர்ந்து எதிரிகளை அடித்து முடிக்கும் இடத்துக்குள், போகும்போது பக்கத்து உலகங்களில் இருந்தும் ஆள் சேர்ப்பதால், கூட வருகிற மூவரும் பெரும்பாலும் ஜப்பானியர். அவர்கள் எழுதுவது எனக்கு விளங்காது, நான் எழுதுவது அவர்களுக்கு விளங்காது. அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஒரு சொல்லின் முதல் எழுத்துகளை அடித்து டேப் பட்டனை அமத்தினால் ஆயத்த வசனங்கள் வரும். நான் ஆங்கிலத்தில் ஒன்றைத் தெரிந்தால் அவர் திரையில் ஜப்பானிய மொழியில் விழும். தமிழ் இல்லை. இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

முதல் டன்ஜன் சஸ்தாஷா, 15ஆம் லெவலில். கடலோரக் குகை, கொள்ளைக்காரர் கூட்டம். நான் உயிர் ஏற்றும் ஹீலர், ஒருவர் அடியைத் தாங்கும் டேங்க், மற்ற இருவர் அடிப்பவர்கள். புதியவர் தலைக்கு மேல் ஒரு பச்சைத் தளிர் அடையாளம் இருக்கும், அதனால் ஒளிக்க முடியாது. போதாததற்கு, குழுவில் ஒருவர் இந்த இடத்துக்கு முதல் தடவை வந்திருக்கிறார் என்று உள்ளே நுழைந்ததுமே எல்லாருக்கும் அறிவித்தும் விடுகிறார்கள். அடி வயிறு கலங்கியது. மூவரும் ஒரே நேரத்தில் வணக்கம் போட்டார்கள். அங்கே அது வழக்கமாம், தொடங்கும்போது "யொரோஷிகு", முடியும்போது "ஒட்சுகாரெ". நான் தலை குனிந்து வணங்கும் அசைவைப் போட்டேன், டேங்க் திரும்ப வணங்கினார்.

அந்தக் குகையில் ஒரு புதிர் உண்டு. இரத்தக் கறை படிந்த ஒரு சீட்டில் ஒரு நிறம் எழுதியிருக்கும், அந்த நிறப் பவளத்தைத் தொட்டால்தான் வழி திறக்கும். ஒவ்வொரு முறையும் நிறம் மாறும். பழைய ஆட்கள் இதைத் தூக்கத்திலும் செய்வார்கள். அன்றைக்கு மூவரும் பவளத்தின் பக்கத்தில் போய் நின்றார்கள், தொடவில்லை. நான் சீட்டைத் தேடி வாசித்து வந்து தொடும் வரை நின்றார்கள். கடைசிப் பெரியவனுடன் சண்டை போடும்போது தரையில் உள்ள கம்பித் தட்டுகளில் குமிழி கிளம்பும். ஓடிப்போய் அதை மூடாவிட்டால் புதிய எதிரிகள் ஏறி வந்துவிடுவார்கள். எனக்குத் தெரியாது. அடிப்பவர்களில் ஒருவர் குமிழி வந்த தட்டின் மேல் நின்று குதி குதி என்று குதித்தார். நான் பார்த்த பிறகு மூடினார். அடுத்த தட்டில் மறுபடி குதித்தார், இந்த முறை மூடாமல் என்னை விட்டார். ஒரு வார்த்தை இல்லாமல் இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் ஒன்றைச் சொல்லித் தந்ததில்லை.

நல்ல மனிதர்கள், சரி. ஆனால் கணக்குப் பார்க்கிற புத்தி சும்மா இருக்குமா? இவர்களுக்கு இதில் என்ன லாபம் என்று தோண்டினேன். லாபம் இருக்கிறது. முதல் தடவை வருகிறவர் குழுவில் இருந்தால், முடிவில் மற்ற எல்லாருக்கும் மேலதிகப் பரிசு உண்டு. உச்சமான 100ஆம் லெவல் ஆட்களும் தினசரிப் பரிசுக்காகப் பழைய டன்ஜன்களுக்கு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடங்கள் காலியாகிப் புதியவர்களுக்குக் கூட்டே கிடைக்காது. முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒருவருக்குப் பாராட்டுப் புள்ளி போடலாம். இடையில் விட்டுவிட்டு ஓடினால் அரை மணி நேரம் வேறு எதிலும் சேர முடியாது. யார் எவ்வளவு அடித்தார் என்று அளக்கும் வெளி மென்பொருட்களுக்குத் தடை. ஆகவே "உன் அடி போதாது" என்று இலக்கத்தைக் காட்டி ஒருவரை ஏசினால், ஏசியவரே மாட்டிக்கொள்வார்.

இதைச் சொன்னால் சிலருக்குச் சப்பென்று போய்விடும், அன்பு எல்லாம் கூலிக்கா என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பரிசு அவரைக் குகைக்குள் கொண்டுவந்தது. தட்டின் மேல் குதிப்பதற்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை.

பரிசு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கேமிலேயே ஒரு பழைய கதை உண்டு. மூலக் கதையின் கடைசியில் காஸ்ட்ரம் மெரிடியானம், ப்ரீட்டோரியம் என்று இரண்டு பெரிய இடங்கள், அப்போது எட்டுப் பேர் சேர்ந்து போவது. இடையிடையே நீண்ட கதைக் காட்சிகள். புதியவர் காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்க, பழையவர்கள் அதைத் தாண்டிவிட்டு முன்னே ஓடி எல்லாவற்றையும் அடித்து முடித்துவிடுவார்கள். காட்சி முடிந்து கண்ணைத் திறந்தால் பிணங்கள்தான் கிடக்கும். பல மணி நேரம் உழைத்து வந்த கதையின் உச்சக் கட்டம் புதியவர் கையில் படாமலே போயிற்று. 2018இல் காட்சிகளைத் தாண்ட முடியாதபடி பூட்டினார்கள், எல்லாரும் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும். 2022இல் இரண்டையும் நான்கு பேருக்குரியதாக மாற்றி அமைத்தார்கள். ஆட்களைத் திருத்தப் பார்க்காமல் ஆட்டத்தைத் திருத்தினார்கள். நான் ப்ரீட்டோரியம் போனது இந்த மாற்றத்துக்குப் பிறகு. காட்சி ஓடும்போது மற்ற மூவரும் தேநீர் போடப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் ஒன்று விடாமல் பார்த்தேன்.

கசப்பும் இல்லாமல் இல்லை. பழைய டேங்குகளில் ஒரு வகை உண்டு, சுவர் வரும்வரை நிற்காமல் ஓடி, வழியில் உள்ள அத்தனை எதிரிகளையும் வாலாக இழுத்துச் சேர்த்துக்கொண்டு வருவார்கள். லெவலைக் குறைத்துப் பழைய இடத்துக்கு அனுப்பும்போது அவர்களுடைய திறன்களில் பெரும்பகுதி போய்விடுவதால் அலுப்பு, சீக்கிரம் முடிக்கும் அவசரம். அப்படி ஒருவர் இருபதுகளின் லெவலில் என்னோடு வந்தார். ஒருவரை மட்டும் குணமாக்க என்னிடம் இருந்தது ஒரே ஒரு மந்திரம், அதைத் திரும்பத் திரும்ப அடித்தும் அவர் செத்தார். "ஹீலர்??" என்று இரண்டு கேள்விக்குறியோடு எழுதினார். நான் பதில் தேடிக்கொண்டிருக்க, அடிப்பவர்களில் ஒருத்தி ஆங்கிலத்தில் எழுதினாள்: "தளிர் தெரியவில்லையா? சின்னதாக இழு." பிறகு டேங்க் சின்னதாக இழுத்தார். மன்னிப்பு ஒன்றும் வரவில்லை. அரை மணி நேரத் தடைக்குப் பயந்து போகாமலும் இருந்தார். எனக்கு அது போதும்.

தலைக்கு மேல் கிரீடம் போட்ட, புதியவர்களுக்கு வழிகாட்ட வேண்டிய மென்டர்கள் வேறு ஒரு ரகம். சண்டைப் பிரிவு மென்டர் ஆக ஆயிரம் டன்ஜன் வகையறா முடித்து, 1500 பாராட்டுப் புள்ளி வாங்கியிருக்க வேண்டும். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த இடம் விழும் என்று தெரியாமல் போகும், மென்டருக்கென்று உள்ள குலுக்கலில் 2000 தடவை போனால் ஆஸ்ட்ரோபே என்ற மின்னல் குதிரை கிடைக்கும். பலருக்குக் கண் அந்தக் குதிரையில். கிரீடக்காரர்களைப் பார்த்துப் பழைய ஆட்களே சிரிப்பதுண்டு. என் அனுபவத்தில் கிரீடம் போட்டவர் வசனம் வசனமாக விளக்கினார், கிரீடம் இல்லாதவர் காட்டித் தந்தார். அடிப்படை தெரிய வேண்டுமென்றால் இரண்டு பேரையும் விட 15ஆம் லெவலில் திறக்கும் பயிற்சிக் கூடம் நல்லது. முடித்தால் ஒரு மோதிரம் தருவார்கள், 30ஆம் லெவல் வரை அனுபவப் புள்ளியை 30 சதவீதம் கூட்டும். தவறவிடாதீர்கள்.

இனி அந்தக் குறைந்த ஒரு புள்ளி. ட்ரயல்காரர் இங்கே பாதி ஊமை. ஊருக்குக் கேட்கக் கூவும் சட் கிடையாது, நாமாக ஒருவருக்குத் தனிச் செய்தி அனுப்ப முடியாது. நாமாகக் குழு அமைக்க முடியாது, யாராவது அழைத்தால் சேரலாம். சங்கம் மாதிரியான ஃப்ரீ கம்பெனியில் சேர முடியாது. சந்தை இல்லை, கைமாற்றும் இல்லை. கையில் மூன்று இலட்சம் கில்லுக்கு (அதுதான் கேம் காசு) மேல் நிற்காது. காரணம் நியாயமானது. இலவசக் கணக்குகளைக் கட்டுக் கட்டாகத் திறந்து கேம் காசை உண்மைக் காசுக்கு விற்கிற கும்பல்களை அடக்க வேறு வழி இல்லை.

ஆனால் அதன் விளைவு பழைய ஆட்களின் நடத்தையில் தெரிகிறது. கிரிடானியாக் காட்டில் நான் ஒரு சில்லறை எதிரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, முயல் காது வைத்த ஒரு 100ஆம் லெவல் பெண் வந்து நின்று பார்த்தாள், எனக்கு உயிர் ஏற்றினாள், பிறகு ஏதோ கொடுக்கப் பார்த்தாள். கைமாற்று வேலை செய்யவில்லை. ட்ரயல் என்று விளங்கியதும் கை அசைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த நாள் அவளுக்கு ஒரு நன்றி அனுப்ப எனக்கு வழி இல்லை. கம்பெனிகளுக்கு ஆள் சேர்க்கிறவர்களும் அப்படித்தான், தளிரைக் கண்டு ஆசையாக வருவார்கள், ட்ரயல் என்றதும் "காசு கட்டினால் சொல்லுங்கோ" என்கிற தொனியில் ஒதுங்கிவிடுவார்கள். கல்யாண வீட்டில் வாசல்வரை வரவேற்றுவிட்டுப் பந்தியில் இலை போடாத மாதிரி. ஆளில் குறை இல்லை, ஏற்பாட்டில்தான். சக ஆட்டக்காரரோடு ஒரு மணி நேரப் பழக்கம் கிடைக்கும், சிநேகிதம் கிடைப்பது கடினம்.

ஈவ் ஒன்லைன் என்ற விண்கல விளையாட்டை இங்கே சொல்ல வேண்டும். அதில் விளையாட்டுக்காரர் ஒருவரை ஒருவர் ஏமாற்றலாம், திருடலாம், அது விதிக்குள்தான். ஆனாலும் புதியவர்கள் தொடங்கும் சூரிய மண்டலங்களில் அவர்களைச் சீண்டத் தடை. 2004இலிருந்து ஈவ் யுனிவர்சிட்டி என்று ஆட்டக்காரர்களே நடத்தும் ஒரு கூட்டம் புதியவர்களுக்குப் பாடம் நடத்துகிறது. 2016இலிருந்து அங்கேயும் நாள் கெடு இல்லாத இலவசக் கணக்கு உண்டு. அந்தக் காட்டு ராச்சியத்திலும் புதியவருக்கு ஒரு வகுப்பறை இருக்கிறது. எனக்கு அந்த விண்கல விளையாட்டு சரிவராது, வேலையிலும் எக்செல், வீட்டிலும் எக்செல் போல இருக்கும்.

கொழும்பிலிருந்து விளையாட நினைப்பவர்களுக்கு: ஜப்பான் எங்களுக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் போகிறது. இங்கே இரவு ஏழு மணி அங்கே பத்தரை, பொறுமையான ஆட்கள் நிறையக் கிடைக்கிற நேரம். இங்கே சாப்பிட்டு, பிள்ளைகளைப் படுக்கவைத்துப் பத்து மணிக்கு உட்கார்ந்தால் அங்கே ஒன்றரை. கூட்டுக்குக் காத்திருக்க வேண்டி வரும், கிடைப்பவர்களும் அவசரக்காரர்கள். ஹீலராகவோ டேங்காகவோ போனால் காத்திருப்பு குறைவு. அடிப்பவராகப் போகும் ஆசை இருந்தால் அதைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். குழுச் சட் ட்ரயலுக்கும் உண்டு, உள்ளே போனதும் புதியவர் என்று ஒரு வரி போடுங்கள். தளிர் இருந்தாலும் போடுங்கள்.

கட்டணக் கணக்கு மாதம் 12.99 டொலரிலிருந்து தொடங்குகிறது, எங்கள் காசில் நாலாயிரம் ரூபாவுக்குக் கிட்ட. ஒருமுறை அதற்கு மாறிய கணக்கு திரும்ப ட்ரயலாகாது, அடுத்த மாதம் கட்டாவிட்டால் கதவு மூடிவிடும். எனக்கு ஸ்டோர்ம்பிளட் முழுதாக இன்னும் கிடக்கிறது. அது முடியும்வரை அந்தப் பட்டனை அமத்தப் போவதில்லை.