ஒழுகும் ஃப்ளஷ் டேங்க்: வாஷரா, வால்வா, புது க்ளோசெட்டா?

பத்து லிட்டர் டேங்க் வைத்த பழைய வெஸ்டர்ன் கழிப்பறையில் தண்ணீர் இரண்டு வழியில் வீணாகிறது. ஒன்று கசிவு. இன்னொன்று, சிறுநீர் கழித்தாலும் பத்து லிட்டரையும் கொட்டுவது. எது என்று பார்க்காமல் கடைக்குப் போனால் தேவையில்லாததை வாங்கி வருவோம்.

ஆங்கிள் காக்கை (டேங்குக்குத் தண்ணீர் வரும் குழாயின் திருகை) மூடி, டேங்கின் உள்சுவரில் நீர்மட்டத்துக்குப் பென்சில் கோடு போடுங்கள். ஒரு மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. மட்டம் இறங்கியிருந்தால் அடி வாஷர் (டேங்கின் அடித்துளையை அடைக்கும் ரப்பர் வளையம்) கசிகிறது. உள்ளளவு 40 செ.மீ.க்கு 15 செ.மீ. உள்ள டேங்கில் 1 செ.மீ. இறங்கினாலே 600 மி.லி. போயிற்று, நாளுக்கு 14 லிட்டருக்கு மேல். மட்டம் இறங்காமல், காக்கைத் திறந்ததும் தண்ணீர் ஏறி வழிகுழாய்க்குள் வழிந்தால் கோளாறு ஃப்ளோட் வால்வில் (மிதவை ஏறியதும் தண்ணீரை நிறுத்தும் வால்வு). ஃப்ளோட்டைத் தாழ்த்தி, வழிகுழாயின் வாய்க்கு 2.5 செ.மீ. கீழே மட்டம் நிற்கும்படி வையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால்தான் புது ஃப்ளோட் வால்வு.

வாஷர் மட்டும்: செலவு மிகக் குறைவு. பழையதைக் கழற்றி மாதிரிக்குக் கடைக்கு எடுத்துப் போவது நல்லது. கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். போர் தண்ணீர் வீடுகளில் புது வாஷர் போட்டும் கசிவது சகஜம். வாஷர் உட்காரும் விளிம்பில் உப்பு படிந்திருக்கும். வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் அதன்மேல் போட்டு, நைலான் நாரால் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து, அதன் வழியே மறுபடி கசியும்.

டேங்குக்குள் செங்கல் போடும் வழக்கமும் உண்டு. செங்கல் கரைந்து, மணல் வாஷருக்கடியில் போய் உட்காரும். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, வால்வில் இடிக்காமல் வைத்தால் ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் ஒரு லிட்டர் மிச்சம். அவ்வளவுதான் அதன் பலன்.

டூயல் ஃப்ளஷ் வால்வு (முழு ஃப்ளஷ், பாதி ஃப்ளஷ் என்று இரண்டு அளவில் தண்ணீர் விடுவது): பழைய டேங்கும் க்ளோசெட்டும் அப்படியே இருக்க, உள்ளே வால்வு மட்டும் மாறும். டேங்கின் உள் உயரத்தையும் அடித்துளையின் விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். மூடியில் பொத்தானுக்குத் துளை இருக்க வேண்டும். துளை இல்லாத, சுவரில் மாட்டிய பிளாஸ்டிக் டேங்க் என்றால், அதை முழுதாக மாற்றுவதே எளிது. க்ளோசெட்டின் மேல் உட்காரும் டேங்கைக் கழற்றினால் போல்ட் வாஷர்களையும் புதிதாகப் போடுங்கள்.

பழைய பேசின் (க்ளோசெட்டின் கிண்ணம்) அதிகத் தண்ணீருக்காக வார்த்தது. அதில் 6 லிட்டர் மட்டும் விட்டால் பல சமயம் மலத்தைத் தள்ளாது. இரண்டு முறை அழுத்தினால் 12 லிட்டர் போய்விடும். ஆகவே முழு ஃப்ளஷை 9 லிட்டருக்கும் பாதி ஃப்ளஷை 4 லிட்டருக்கும் திருத்தி வையுங்கள்.

புது க்ளோசெட்: இனி கணக்கு. நாலு பேர், ஆளுக்கு ஐந்து ஃப்ளஷ், அதில் ஒன்று முழு ஃப்ளஷ் என்று வைப்போம். பழைய டேங்கில் நாளுக்கு 200 லிட்டர். வால்வு மட்டும் மாற்றினால் 100. புது 6/3 லிட்டர் செட் (முழு ஃப்ளஷுக்கு 6, பாதிக்கு 3) வைத்தால் 72. அதாவது பாதித் தண்ணீர் வால்விலேயே மிச்சமாகிவிடுகிறது; அடுத்த 28 லிட்டருக்காகத் தரையை உடைக்க வேண்டியிருக்கிறது. மாதக் கணக்கில் வால்வு மிச்சப்படுத்துவது 3,000 லிட்டர். நாலு மாதத்துக்கு ஒரு 12,000 லிட்டர் லாரி. வாடகை வீடாக இருந்தால் இதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம்.

டைல்ஸை எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால் புது செட் வாங்குவதே சரி. வெள்ளை சிமெண்டில் பதித்த பழைய க்ளோசெட் உடையாமல் வருவது அபூர்வம். வாங்கும் முன் கழிவு தரைக்குப் போகிறதா (எஸ் டிராப்), சுவருக்குப் போகிறதா (பி டிராப்) என்று பாருங்கள். எஸ் டிராப்பில், டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து துளையின் மையம் வரை அளக்க வேண்டும். செங்கல் சுவரிலிருந்து அளந்தால் டைல்ஸும் பூச்சும் சேர்ந்து இரண்டு அங்குலம் வரை தின்றுவிடும், டேங்க் சுவரில் இடிக்கும்.

4/2 லிட்டர் செட் இன்னும் சிக்கனம், நாளுக்கு 48 லிட்டர். ஆனால் கழிவுக் குழாய் சாய்வு குறைவாக நீண்ட தூரம் படுத்துப் போகும் வீட்டில் அதை வைக்காதீர்கள். பேசின் சுத்தமாகத் தெரியும். மலம் குழாயின் நடுவில் நின்று, சில மாதத்தில் அடைக்கும். செப்டிக் டேங்க் பக்கத்திலேயே இருந்தால் பயமில்லை.